எட்மண்ட் ஏன் தாமதித்தான்?

சதி செய்யும் வில்லன் மேல் நமக்கு இரக்கம் வரணும்னா, ஒரு சோகமான பிளாஷ்பேக் வச்சா போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இரக்கத்துக்கு உரியவன் எல்லாம் துன்பியல் பாத்திரம் ஆகிவிடுவதில்லை. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் வரும் எட்மண்டைப் பார்த்தால் இது புரியும்.

எட்மண்ட், குளோஸ்டர் பிரபுவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவன். முதல் காட்சியிலேயே அப்பா, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவன் பிறந்த கதையைக் கெண்ட் பிரபுவிடம் கேலியாகச் சொல்கிறார். ஒன்பது வருஷம் வெளியே இருந்தவன், திரும்பவும் போய்விடுவான் என்கிறார். பிளாஷ்பேக் ரெடி. ஆனால் அதைக் காட்டி ஷேக்ஸ்பியர் அவனுக்குச் சலுகை எதுவும் கொடுப்பதில்லை. பொய்க் கடிதம் எழுதி அண்ணன் எட்கரை வீட்டைவிட்டு ஓடவைக்கிறான். அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான், அவர் கண்களைப் பிடுங்குகிறார்கள். லியரின் மகள்கள் கானரில், ரீகன் இரண்டு பேரிடமும் காதல் சொல்கிறான். இதுவரை அவன் வெறும் கெட்டிக்கார வில்லன்தான்.

விஷயம் இருப்பது கடைசிக் காட்சியில். எட்கரின் வாளால் படுகாயப்பட்டுக் கிடக்கிறான். சிறையில் இருக்கும் லியரையும் அவருடைய கடைசி மகள் கார்டீலியாவையும் கொல்லச் சொல்லி ஏற்கெனவே ரகசியமாக உத்தரவு போட்டாச்சு. அப்பா இறந்த விதத்தை எட்கர் சொல்ல, மனம் இளகியதாக ஒப்புக்கொள்கிறான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அண்ணனை மேலே பேசச் சொல்கிறான். 1608 குவார்ட்டோ பதிப்பில் எட்கர் தொடர்ந்து கெண்ட்டைப் பற்றி நீளமாகப் பேசுகிறான். 1623 ஃபோலியோவில் அந்தப் பகுதி இல்லை. எதைப் படித்தாலும் தாமதம் தாமதம்தான். ராஜா எங்கே, கார்டீலியா எங்கே என்று ஆல்பனி நேராகவே கேட்கிறார். அதற்கும் பதில் இல்லை.

அந்த நேரத்தில் இரண்டு சகோதரிகளின் பிணங்கள் வருகின்றன. அவனுக்காக ஒருத்தி மற்றவளுக்கு விஷம் வைத்து, தன்னையும் குத்திக்கொண்டு செத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான், தன்னையும் நேசித்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறான். உடனே, தன் சுபாவத்துக்கு மாறாக ஒரு நல்லது செய்யணும் என்று உத்தரவை நிறுத்தச் சொல்லி, அடையாளமாகத் தன் வாளையும் அனுப்புகிறான். ஆள் போய்ச் சேர்வதற்குள் கார்டீலியாவைத் தூக்கிலிட்டு விடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அப்பாவின் சாவு தராத நிச்சயத்தை இரண்டு கொலைகாரிகளின் பிணங்கள் தருகின்றன. அன்புக்கு அவனிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான். 'ஒதெல்லோ'வில் பிடிபட்ட இயாகோ இனிப் பேசவே மாட்டேன் என்கிறான். அவனுக்குள் வேறொரு ஆள் இருந்தானா என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. எட்மண்டுக்குள் இருந்தான். அவன் வெளியே வரும்போது, பழைய எட்மண்ட் கச்சிதமாகப் போட்ட திட்டம் வேலையை முடித்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை அவனுடைய துன்பியல் இதுதான்.

1681இல் நேஹம் டேட் இந்த நாடகத்தை மாற்றி எழுதியபோது கார்டீலியா பிழைத்து எட்கரை மணக்கிறாள். அவள் பிழைத்துவிட்டால் எட்மண்ட் தாமதித்தால் என்ன, தாமதிக்காவிட்டால் என்ன?

இதற்காக அவனை மன்னிக்கணும்னு சொல்லவில்லை. ஷேக்ஸ்பியரும் மன்னிப்பதாகத் தெரியவில்லை. லியர் மகளின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் இடத்தில், எட்மண்ட் செத்துப்போன செய்தி வருகிறது. ஆல்பனி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.