ஒரு பக்கெட் காற்று

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'எரின் ப்ராக்கோவிச்' படத்தை மறுபடி பார்த்தேன். 2000-ல் வந்த படம். ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கம். ஜூலியா ராபர்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. முதல் தடவை பார்த்தபோது கடைசிக் காட்சியில் கைதட்டினேன். இந்தத் தடவை கை எழும்பவில்லை. ஏன் என்று யோசித்ததன் விளைவு இந்த வாரக் கட்டுரை.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்று ஒரு சின்ன ஊர். அங்கே இயற்கை வாயு பைப்லைனுக்கு ஒரு கம்ப்ரஸர் நிலையம். கூலிங் டவரில் துருப்பிடிக்காமல் இருக்க குரோமியம்-6 என்கிற ரசாயனத்தைக் கலந்தார்கள். அந்தக் கழிவுநீரை 1950, 60களில் வெறும் மண் குட்டைகளில் விட, அது நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. மூன்று குழந்தைகளும் காலிப் பர்ஸுமாக எட் மாஸ்ரி என்ற வக்கீலிடம் வேலைக்குச் சேரும் எரின், சட்டப் படிப்பு இல்லாமலேயே வீடு வீடாக ஏறி இறங்கி 600 பேருக்கு மேல் திரட்டுகிறாள். 1996-ல் கம்பெனி 333 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்கிறது. அத்தனையும் நிஜத்தில் நடந்தது.

படமாகக் குறை சொல்ல அதிகமில்லை. வக்கீலாக வரும் ஆல்பர்ட் ஃபின்னி பிரமாதம். எதிர்த்தரப்பு வக்கீலம்மா தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது, 'உங்களுக்காக ஹிங்க்லியிலிருந்து ஸ்பெஷலாக வரவழைத்தது' என்கிற மாதிரி எரின் சொல்ல, அந்தம்மா டம்ளரைக் கீழே வைக்கும் காட்சியை இன்றைக்கும் சினிமா கற்றுக்கொள்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டலாம். ஒரு பக்க வசனத்தை ஒரு டம்ளர் சொல்லிவிடுகிறது.

என் சிக்கல் கடைசிக் காட்சியில். எரினுக்கு 2 மில்லியன் டாலர் செக். வாயடைத்து நிற்கிறாள். சுபம்.

ஊருக்கு என்ன ஆயிற்று? படம் சொல்லாது. படம் வந்து பல வருஷம் கழித்தும் குரோமியம் நிலத்தடியில் பரவிக்கொண்டிருந்தது. கம்பெனி வீடுகளை விலைக்கு வாங்கியது. ஜனங்கள் காலி செய்தார்கள். 2013-ல் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். செக் வந்தது, ஊர் போனது.

நஷ்டஈடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நஷ்டஈடு நேற்றைய விஷத்துக்கான விலை. நாளைய விஷத்தை அது ஒரு கிராம்கூடக் குறைக்காது. இந்த வித்தியாசத்தை மறைப்பதுதான் இந்த அழகான படத்தின் பெரிய குறை.

வேடிக்கை என்னவென்றால், குறைப்பதற்கு வழி காட்டிய இன்னொரு கதையும் அதே எட் மாஸ்ரியிடம் இருந்தது. அதை யாரும் படமாக எடுக்கவில்லை.

1994-ல் கலிபோர்னியாவின் ரோடியோ என்ற ஊரில் ஒரு பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 16 நாள் ரசாயனம் கசிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடியவர் மாஸ்ரி. ஆலைப் புகையில் அவருக்கே உடம்புக்கு முடியாமல் போயிற்று. அதிகாரிகளைக் கேட்டால், எங்கள் கருவியில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை என்றார்கள்.

தண்ணீர் என்றால் டம்ளரில் பிடித்து, 'குடிங்க பார்க்கலாம்' என்று நீட்டிவிடலாம். காற்றை எதில் பிடிப்பது?

பக்கெட்டில் பிடித்தார்கள். மாஸ்ரி 1995-ல் இன்ஜினீயர்களைக் கொண்டு ஒரு கருவி செய்யச் சொன்னார். சாதாரண பிளாஸ்டிக் பக்கெட், காற்றுப் புகாத மூடி. உள்ளே ரசாயனம் ஒட்டாத ஒரு பை. பையின் வாய் மட்டும் மூடி வழியாக வெளியே. சின்ன பம்பால் பக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், பை தானாக உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். வாயை மூடி, லேபுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான டாலர் கருவி செய்யும் வேலையை இது நூறு டாலருக்குள் செய்தது. நாற்றம் வரும் நேரத்தில் அதிகாரி வரமாட்டார். பக்கெட் திண்ணையிலேயே இருக்கும்.

அந்தப் பக்கெட் ஊர் ஊராகப் போனது. லூசியானாவில் நோர்கோ என்ற ஊர். ஷெல் ஆலையின் வேலியை ஒட்டி, டயமண்ட் என்கிற கறுப்பின மக்கள் குடியிருப்பு. அங்கே மார்ஜி ரிச்சர்ட் என்ற ரிட்டயர்டு டீச்சரம்மா. கோர்ட்டில் தோற்ற ஜனம், பக்கெட்டும் கையுமாக அளக்க ஆரம்பித்தது. 2002-ல் ஷெல், அந்த நாலு தெருக்காரர்களும் வேறு இடம் போகப் பணம் தரவும், ஆலையின் வெளியேற்றத்தை 30 சதவீதம் குறைக்கவும் ஒப்புக்கொண்டது. 2004-ல் அந்த டீச்சருக்கு கோல்ட்மேன் விருது. எனக்குப் பிடித்தது அந்த 30 சதவீதம்தான். அது செக்கில் எழுத முடியாத நம்பர்.

*

அதே 2004-ல் பக்கெட் நம் கடலூருக்கு வந்தது.

கடலூர் சிப்காட் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கண்ணை மூடியிருந்தாலும் இடம் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். பூச்சிமருந்து, சாயம், மருந்துச் சரக்கு என்று உப்பனாற்றங்கரையில் வரிசையாக ரசாயன ஆலைகள். ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் என்று ஒட்டினாற்போல ஊர்கள். அந்த ஊர்க்காரர்கள் முதலில் செய்தது, நோட்டுப் புத்தகம் போட்டதுதான். எத்தனை மணிக்கு, என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து, எந்த ஆலை. பிறகு பக்கெட்டில் காற்றைப் பிடித்து கலிபோர்னியா லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு: இருபதுக்கும் மேற்பட்ட நச்சு ரசாயனங்கள். அவற்றில் புற்றுநோய் உண்டாக்குபவையும் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு அந்த ஆண்டே கடலூருக்கு வந்து பார்த்தது.

ஒரு நிமிஷம். மூக்கு போதாதா, லேப் எதற்கு? போதாது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது மிக அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாசனை நின்றுவிடும், ஆபத்து மட்டும் நிற்காது. பென்சீன் இன்னும் மோசம். அதன் வாடை நமக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது, பாதுகாப்பு வரம்பைப் பல நூறு மடங்கு தாண்டியிருக்கும். மூக்கு நல்ல சாட்சி, ஆனால் அரைச் சாட்சி.

சரி, லேப் நம்பர் வந்தது. எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் தமாஷ். அப்போது நம் நாட்டுக் காற்றுத் தர வரம்பில் பென்சீனே கிடையாது. அமெரிக்க வரம்போடுதான் ஒப்பிட வேண்டியிருந்தது. இருந்த வரம்பிலும் ஒரு கூத்து. 1994 கணக்குப்படி, மிதக்கும் தூசு குடியிருப்புப் பகுதியில் ஒரு நாளைக்குக் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். தொழிற்பகுதி என்றால் 500 வரை. அதாவது, சிப்காட் போர்டு வைத்துவிட்டால் அங்கே மூச்சு விடுகிறவனுக்கு இரண்டரை நுரையீரல் வந்துவிடுகிறது! 2009 நவம்பரில்தான் இந்தப் பாகுபாட்டை நீக்கி, பென்சீனையும் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருஷம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45 மார்க். 70-ஐத் தாண்டினாலே படுமோசம் என்று அர்த்தம்.

பக்கெட்டையும் விமர்சிக்க வேண்டும் அல்லவா? அது சில நிமிஷக் காற்றைத்தான் பிடிக்கிறது. 'அந்த அஞ்சு நிமிஷத்தை வெச்சு வருஷம் பூரா இப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?' என்று ஆலைத் தரப்பு கேட்டால் அது நியாயமான கேள்வி. நியாயமான பதிலும் உண்டு: 'அப்ப வருஷம் பூரா நீங்களே அளந்து எங்களுக்குக் காட்டுங்க.'

அமெரிக்காவில் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். 2015-ல் வந்த விதிப்படி, 2018 முதல் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகள் தங்கள் வேலியோரத்தில் பென்சீனை அளந்து பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். ஆண்டுச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால், எங்கே ஓட்டை என்று தேடி அடைக்க வேண்டும். பக்கெட்டுக்காரர்களின் கோரிக்கை சட்டமாக 20 வருஷம் பிடித்தது.

*

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ரசாயன ஆலையில் முப்பது வருஷம் ஷிஃப்ட் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். 'குறைக்கறது அவ்வளவு கஷ்டமா சார்?' என்று கேட்டேன்.

"எல்லாரும் சிம்னியைத்தான் போட்டோ எடுக்கறாங்க சார். ஆலைக்குள்ள ஆயிரக்கணக்குல வால்வு, ஃப்ளாஞ்ச், பம்ப் சீல் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். ஒரு கருவியை எடுத்துக்கிட்டு வரிசையா மோப்பம் பிடிச்சு, கசியற இடத்துல சீட்டுக் கட்டி, ரிப்பேர் பண்ணணும். லாரியில சரக்கு ஏத்தறப்ப டேங்குக்குள்ள இருக்கற ஆவி வெளிய போகும். அதை ஒரு பைப் போட்டுத் திருப்பி இழுத்துக்கலாம். இதெல்லாம் ராக்கெட் சயின்ஸ் இல்ல சார். கசியறது கம்பெனியோட சரக்குதானே? அடைச்சா அவனுக்கே லாபம்."

"அப்புறம் ஏன் செய்யல?"

"யாரு கேக்கறா?" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயமே. 1984-ல் போபால். அடுத்த வருஷம் அதே யூனியன் கார்பைடின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் கசிவு. 1986-லேயே அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள்: எந்த ஆலை என்ன நச்சை எவ்வளவு எடை வெளியே விடுகிறது என்று வருஷா வருஷம் பகிரங்கக் கணக்குக் கொடுக்க வேண்டும். குறைக்கச் சொல்லவில்லை, சொல்லத்தான் சொன்னார்கள். தன் கணக்கைத் தானே பார்த்த மான்சான்டோ, 1992-க்குள் காற்றில் விடும் நச்சை 90 சதவீதம் குறைப்பதாக 1988-லேயே அறிவித்தது. வெட்கமும் ஒரு வடிகட்டிதான்.

செத்தது போபால்காரர்கள். பாடம் படித்தது அமெரிக்கா. இன்ன ஆலை இன்ன நச்சை இத்தனை கிலோ விட்டது என்று கடலூர்க்காரர் புரட்டிப் பார்க்க அப்படியொரு பொதுப் பதிவேடு நம்மிடம் இன்னும் இல்லை. விபத்து நடந்தால் செக் மட்டும் வருகிறது. 2021 மே மாதம் கடலூர் சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலை விபத்தில் தொழிலாளர்கள் செத்தபோதும், முதலில் வந்த செய்தி குடும்பத்துக்கு இத்தனை லட்சம் என்பதுதான்.

அதனால்தான் கைதட்ட முடியவில்லை. இந்தக் கதையை யாராவது தமிழில் எடுத்தால் ஒரு யோசனை. கடைசிக் காட்சியில் செக் வேண்டாம். ஒரு ஃபிட்டர் ஸ்பானரோடு வந்து, கசிகிற ஃப்ளாஞ்சை முறுக்கட்டும். ஆலை கேட்டில் இருக்கும் பலகையில் ஒரு நம்பர் இறங்கட்டும். எதிர் டீக்கடையில் ஒரு பாட்டி, 'இன்னிக்கு வாடை இல்லியே' என்று சொல்லட்டும்.

ஆஸ்கர் கிடைக்காது. பரவாயில்லை.