பண்ணில் ஏறிய பொருட்கவலை

தேவாரத் திருமுறைகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் பத்திச் சுவையையும் இயற்கை வருணனையையும் விரித்துரைப்பது வழக்கம். கைப்பொருள் இல்லாமையால் உள்ளத்தில் எழும் கலக்கம் பண்ணோடு கூடி ஒலிக்கும் பதிகங்களும் அவற்றுள் உள. அவற்றை அணுகும்போது விளக்கம் கூறுவோர் சிலர் கூசுவர். பொன்னும் நெல்லும் காசும் வேண்டுமென்று நாயன்மார் பாடியது அவர்தம் பெருமைக்கு இழுக்காகுமென்று அஞ்சி, பொன் என்றது திருவருளை என்றும், நெல் என்றது ஞானத்தை என்றும் கூறி அமைவர். மற்றொரு சாரார், இன்ன பதிகத்தை இத்தனை நாள் ஓதினால் இன்ன பொருள் கிட்டும் என வாய்பாடு வகுத்துக் கொடுப்பர். முன்னவர் கவலையை மறைக்கின்றனர். பின்னவர் அதனை வாணிகமாக்குகின்றனர். பாடலில் நிற்பது யாது என்பதைச் சில பதிகங்கள் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் திருவாவடுதுறையிற் பாடிய நாலடிமேல் வைப்புப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. தந்தையார் வேள்விக்குப் பொருள் கேட்டபோது கையில் ஒன்றும் இன்மையால் பிள்ளையார் இதனைப் பாடினார் என்றும், ஆயிரம் பொன் கொண்ட கிழி அருளப்பட்டது என்றும் 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் வரலாறு உரைப்பர். பதிகத்தினுள்ளே வேள்வி பேசப்படவில்லை. அங்கே உள்ளவை இரண்டு குரல்கள். ஒவ்வொரு பாட்டின் முன்னடிகளும், எத்தகைய துன்பமும் நோயும் வரினும் நின் கழலை விடேன் என உறுதி கூறுகின்றன. பின்வரும் வைப்பு அடிகளோ, ஈவதற்கு ஒன்று இல்லையாயின் எம்மை ஆளும் முறை இதுதானோ, நின் அருள் அதுதானோ என்று வினாவுகின்றன. எமக்குத் தருவதற்கு நின்னிடம் ஒன்றும் இல்லையோ என்பது ஒரு பொருள். பிறர்க்குக் கொடுக்க எம்மிடம் ஒன்றும் இல்லையே எனவும் கொள்ள இடமுண்டு. கேட்ட தந்தைக்குக் கொடுக்க வழியற்று நிற்கும் மகனின் குரலாக இதனைக் கேட்போர்க்குப் பின்னைய பொருளே நெஞ்சைத் தைக்கும்.

இவ்வினா பத்துப் பாட்டிலும் மீண்டும் மீண்டும் வருகின்றது. பொருட்கவலையின் இயல்பும் அதுவே. கடன்பட்டவன் இரவில் ஒரே கணக்கைப் பலகாற் கூட்டிப் பார்ப்பது போல, உறுதி கூறிய நெஞ்சு உடனே பழைய வினாவுக்குத் திரும்புகின்றது. காந்தார பஞ்சமப் பண்ணில் அமைந்த இதனை ஓதுவார்கள் கேதாரகௌளை இராகத்திற் பாடுவர். வைப்பு அடிகள் மீளுந்தோறும் அந்த இசையே கவலைக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றது. மனத்துள் முடிவின்றிச் சுழல்வது, பாட்டிற் பத்து முறை சுழன்று அமைதி பெறுகின்றது.

திருவீழிமிழலையில் நிகழ்ந்தது வேறொரு வகை. பஞ்சகாலத்தில் அடியார்க்கு அமுதளிக்கச் சம்பந்தரும் அப்பரும் நாள்தோறும் ஒவ்வொரு காசு பெற்றனர் என்பது வரலாறு. அப்பர் பெற்ற காசு குறைவின்றிச் செல்ல, சம்பந்தர் காசுக்கு வாசி கேட்டனர் வணிகர். வாசி என்பது காசை மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் வட்டம். அதனாற் சம்பந்தர் மடத்திற் பந்தி பிந்தியது. அப்போது பாடிய பதிகம் குறிஞ்சிப் பண்ணில் அமைந்த திருவிருக்குக்குறள். அடிக்கு இரண்டு சீராக நான்கே அடிகள். எட்டுச் சீரில் ஒரு பாட்டு முடிந்துவிடும். பசித்த பந்தியின் முன்னே நெடும்பாட்டுக்கு இடமில்லை என்பதை யாப்பே காட்டுகின்றது.

இப்பதிகத்தின் வைப்புமுறை கூர்ந்து நோக்கற்பாலது. முதற்பாட்டு வாசியில்லாத காசைக் கேட்கின்றது. இரண்டாவது காசிலுள்ள கறையைச் சொல்கின்றது. அதன் பின்னர்க் காசு என்னும் பேச்சே இல்லை. உய்வு, பேறு, சேமம் என வேண்டுகோள் விரிகின்றது. ஐயம் தவிர்க்கவும் கரத்தல் தவிர்க்கவும் வேண்டி, பத்தாம் பாட்டிற் பிரிதல் அரிது என்னும் நிலையை எய்துகின்றது. காசு என்றது அருளே என்று தொடக்கத்திலேயே உரை கூறுவோர் இந்தப் பயணத்தை இழந்துவிடுகின்றனர். காசு முதலிற் காசாகவே கேட்கப்பட்டமையால்தான், பின்னர் அதனைக் கடந்து செல்லுதல் கூடிற்று.

சுந்தரமூர்த்தி நாயனாரிடத்தில் இக்கவலை இல்லறத்தின் வாயிலுக்கே வருகின்றது. ஏழாம் திருமுறையிலுள்ள திருக்கோளிலிப் பதிகத்தில் அவர் நெல்லைக் கேட்கவில்லை. குண்டையூரிலே நெல் முன்னரே கிடைத்துவிட்டது. அதனைத் திருவாரூருக்குக் கொண்டுசெல்ல ஆளில்லை என்பதே முறையீடு. பொருள் வந்தவுடன் கவலை தீர்வதில்லை, அதனைச் சுமக்கும் கவலை அடுத்து வரும் என்பதை உலகியல் அறிந்தோர் உணர்வர். வீட்டிலே பரவையார் வாடுகின்றார். உமக்கு ஒருத்தி பாதியுடம்பில், மற்றொருத்தி சடையில். மாதர் படும் வருத்தம் நீர் அறியாததா என்று தோழமையோடு இடித்துக் கேட்கின்றார் நாயனார். துயரத்தின் நடுவே நகை தோன்றும் இடம் இது. கேட்பவன் தாழ்ந்துவிடவில்லை என்பதற்கு இந்நகையே சான்று.

அதே நட்டராகப் பண்ணிலமைந்த திருமுதுகுன்றப் பதிகத்தில் நகை மறைகின்றது. அங்குப் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுக்க முயன்றபோது பொன் வரத் தாழ்த்தது என்பர் சேக்கிழார். வந்த பின்னரும் மாற்றுக் குறைந்திருந்தது என்பர். பாடலில் நம்மைத் தொடுவது பொன்னின் தொகையன்று. பரவையின் முன்னிலையில் இவ்வாறு நிற்க நேர்ந்ததே என்னும் நாணம் அது. அவ்வுள்ளத் தளர்ச்சியை நாயனார் இட்டளம் என்னும் சொல்லாற் குறிக்கின்றார். மனைவியின் முகத்தை நோக்க மாட்டாத அந்நிலைக்கு இதனினும் பொருந்திய சொல் தமிழில் உண்டோ என்பது ஐயமே.

இங்ஙனம் கேட்டவர் எவரிடமும் கேட்பவரல்லர். திருப்புகலூர்ப் பதிகத்தில் அவரே புலவர்களை நோக்கி, வலிமையற்றவனை வீமன் என்றும் கொடாதவனைப் பாரி என்றும் புகழ்ந்தாலும் ஒன்றும் பெறமாட்டீர் என்று அறிவுறுத்துகின்றார். பின்னர்ப் புகலூரைப் பாடினால் வருவன கூறுமிடத்து, சோற்றையும் கூறையையும் முதலில் வைத்து, மறுமைப் பேற்றைப் பின்னரே வைக்கின்றார். பசியை அறிந்த புலவனுக்கே இவ்வரிசை தோன்றும்.

இக்கவலையை உரைநடையாகவே சொல்லியிருக்கலாகாதோ, பண் எதற்கு என்று வினவலாம். தனியொருவன் தன் இல்லாமையைச் சொன்னால் அது இரப்பாகும். ஊரார் ஒருங்கு பாடினால் அது முறையீடாகும். சொல்ல நாணுவதைப் பாட நாணுவதில்லை. பாடுவோர்க்குப் பசி கூடாது என்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரரையும், உடன் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வகுத்ததைக் கல்வெட்டுக் கூறும். காசுக்கும் நெல்லுக்கும் கலங்கிய பாடல்கள், நெல்லுக்குக் கலங்காத நாவிலிருந்து எழுந்தன.

சம்பந்தர் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியவர். சுந்தரரும் திருக்கேதீச்சரம் பாடியவர். அவர்தம் பதிகங்கள் நம் பாடசாலைகளிற் காலைதோறும் ஒலிக்கின்றன. பரீட்சை வினாத்தாளோ பாடியவர் யார், தலம் யாது, பண் யாது என்று கேட்டு நின்றுவிடுகின்றது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் இந்நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திவைத்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் பெற்றோர் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டில் வகுப்பறையில் இருந்த மாணாக்கர்க்கு வாசி என்றால் என்ன, இட்டளம் என்றால் என்ன என்று அகராதி கொண்டு விளக்க வேண்டியிருந்திராது. அவர்கள் தம் வீட்டிற் கண்டதையே பதிகத்திலும் கண்டிருப்பர்.

ஆதலின் இப்பதிகங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் பொன்னைப் பொன்னென்றும் நெல்லை நெல்லென்றும் முதலிற் சொல்லுதல் வேண்டும். தன் வீட்டு முடையை வெளியே சொல்ல நாணி வகுப்பின் கடைசி வாங்கில் ஒடுங்கியிருக்கும் மாணாக்கன், நாயனாரும் இதனையே கேட்டார், அதுவும் உரத்த குரலிற் பண்ணோடு கேட்டார் என்று அறிவானாயின், அவன் சிறிது நிமிர்ந்திருப்பான். தத்துவ விளக்கம் அதன் பின்னர் வரலாம்.