ஒட்டுச் சட்டையும் நகைச்சுவையும்

சிங்கப்பூர் மெக்கன்சி சாலை ரெக்ஸ் போன்ற அரங்குகளில் தமிழ்ப்படம் கண்டோர் நகைச்சுவை நடிகரின் ஒட்டுப்போட்ட சட்டையை நன்கறிவர். அவர் வாய் திறக்குமுன்பே அவர் ஏழை என்பதை அது அறிவித்துவிடும், அவையும் நகைத்துவிடும். மேலைநாட்டுக் கேலிச்சித்திரத்தில் பொருளிழந்தவன் ஆடைக்கு மாற்றாகப் பீப்பாய் அணிந்து நிற்பதும் இவ்வகையதே.

வறுமை நகைக்குரியதா? நகைக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நிலைக்களன்கள் எள்ளல், பேதைமை, மடன், இளமை என்னும் நான்கே. வறுமை அவற்றுள் இல்லை. இளிவரலுக்குரிய நான்கனுள் ஒன்றாகிய மென்மைக்கே உரையாசிரியர் நல்குரவு எனப் பொருள் கொண்டனர். ஆகவே, ஒட்டுச் சட்டையால் எழும் சிரிப்பு வறுமையினின்று பிறப்பதன்று. வறியவனை எள்ளுவதனின்று பிறப்பது.

எள்ளாமலும் நகைப்பூட்ட இயலும். 1932இல் சிங்கப்பூருக்கு வந்து சென்ற சார்லி சாப்ளின், 1925இல் வெளியிட்ட 'தி கோல்ட் ரஷ்' படத்தில் பசியால் தன் காலணியையே வேகவைத்து உண்கிறார். ஆணியை எலும்பெனச் சுவைக்கிறார். கயிற்றைச் சேமியாபோல் சுருட்டுகிறார். ஈண்டு நகைக்கு இடமாவது இன்மையன்று. பட்டினியிலும் விருந்தின் ஒழுங்கைக் கைவிடாத பேதைமை. அப்பேதைமைக்குள் அவர் மானம் இருக்கிறது.

அம்மானம் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள் உப்பின்றி வெந்த வேளைக்கீரையை, அறியாதார் கண்ணுக்கு நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். நத்தத்தனார் இன்மையையும் காட்டினார், நாணத்தையும் காட்டினார்.

புதுத்துணிமேல் தைத்த ஒட்டோ 'ஏழை' என்னும் சொல்லை மட்டுமே காட்டும். சட்டைக்குள் மானமுள்ள மனிதன் இல்லையேல், நகைச்சுவை எள்ளலாகவே நின்றுவிடும்.