நகரத்திணையின் பறை

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. நிலம் மாறினால் இசைக்கருவியும் மாறும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அங்ஙனமாயின், நாம் குடிபெயர்ந்து வந்து வாழும் பெங்களூருக்கு உரிய பறை யாது? இவ்வினாவோடு ஓர் இசைத்தொகுப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூங்கா நகரம் என்று இதனைப் புகழ்வர். ஆயினும் நம்மவருள் பலரை இங்கு ஈர்த்தவை பூங்காக்கள் அல்ல, தொழிற்சாலைகளே. 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் ஐ.டி.ஐ.யும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பி.இ.எல்.லும் தோன்றின. ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, பொறிகளின் தாளத்தில் நாளைக் கழித்த குடும்பங்கள் நம்மிடையே பல. அப்பொறிகளின் நகரமே இசைக்கும் ஒரு பொறியை ஈந்தது. எச்.ஏ.எல்.லில் பொறியாளராகப் பணியாற்றிய புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ்நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டுப் பயிலும்போது சுருதி கூட்டுவது பெரும்பாலும் அத்தகைய பெட்டியே. பொறி நம் இசைக்குப் பகையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மேலைநாட்டார் இன்னும் ஒருபடி சென்றனர். 1977இல் நியூயார்க் நகரின் ‘சூயிசைட்’ என்னும் இருவர் குழு, மின் இசைப்பலகை, தாளப்பொறி, குரல் ஆகியவற்றைக் கொண்டே தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. தொழிற்சாலையின் இரைச்சலையே இசையாக்கும் போக்கும் அக்காலத்தில் வளர்ந்தது. அவ்வழியின் கடுமையை நீக்கி மென்மையை மேற்கொண்டவர்கள் பெங்களூரின் ‘சல்க் ஸ்டேஷன்’ குழுவினர். தன்வி ராவ் பாட, ராகுல் கிரி மின்னணு இசை அமைத்த இவ்விருவர் குழுவின் முதல் தொகுப்பு ‘டில் யூ அப்பியர்’ 2012இல் வெளிவந்தது.

‘நீ தோன்றும் வரை’ என்பது அத்தலைப்பின் பொருள். காத்திருத்தலை உரிப்பொருளாகக் கொண்டது நம் முல்லைத்திணை. அவ்வுணர்வே இத்தொகுப்பின் உயிர் எனலாம். தாளம் மெதுவாக நடக்கிறது. ஒலிக்கும் ஒலிக்கும் இடையே வெற்றிடம் நிற்கிறது. காத்திருப்பவர் மனம் ஒன்றையே மீண்டும் மீண்டும் எண்ணும். பொறியின் மாறாத தாளம் அவ்வெண்ணத்தின் வடிவமாகிறது. அதன்மேல் இந்துஸ்தானிப் பயிற்சி பெற்ற குரல், சுரத்துக்குச் சுரம் வழுக்கி அசைகிறது. ‘பிந்தியா’ என்னும் இந்திப் பாடலில் இவ்வழகு நன்கு விளங்கும். அசையாத பொறியும் அசையும் குரலும் ஒன்றையொன்று காட்டிக்கொடுப்பதே இத்தொகுப்பின் தனிச்சிறப்பு.

குறைகளும் உள. குரலை எதிரொலிப் பனியில் மூழ்கடிப்பதால் சொற்கள் பல செவிக்கு எட்டுவதில்லை. பொருளறிந்து பாடுதலைப் போற்றும் நமக்கு இஃது உறுத்துகிறது. மேலும், கச்சேரியில் மிருதங்கம் பாடகரின் மூச்சறிந்து நடக்கும். இங்கோ தாளம் குரலுக்காக நிற்பதில்லை. முல்லையில் மாலைக்குப்பின் தலைவனின் தேரொலியும் உண்டு. இத்தொகுப்பிலோ முதலிலிருந்து இறுதிவரை மாலைப்பொழுதே நிலவுகிறது. சற்றே உணர்ச்சி வேறுபாடு இருந்திருப்பின் காத்திருத்தலின் துயர் இன்னும் ஆழ்ந்திருக்கும்.

இத்தகைய இசையைச் செவியில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் அறையில் அமர்ந்திருக்க, ‘இது என்ன இரைச்சல்!’ என்று பெற்றோர் கடிந்துகொள்வது நம் இல்லங்களில் அரிதன்று. அப்பெற்றோருக்கு நாம் ஒன்று கூறுவோம். ஐரோப்பியரின் வயலினைப் பாலுசாமி தீட்சிதர் கற்றுக் கையாண்டபோது அது நமக்கு அயலாகவே இருந்தது. இன்று அஃதின்றிக் கச்சேரி இல்லை. கருவிக்குச் சாதியில்லை, அதனிடம் நாம் பேசும் மொழியே அதனை நம்முடையதாக்குகிறது.

இத்தொகுப்பில் ஆங்கிலம் மிகுதி, சிறிது இந்தியும் உண்டு, தமிழ் இல்லை. அது அக்கலைஞரின் குற்றமன்று. அவரவர் தம் நெஞ்சின் மொழியில் பாடினர். நாம் கவலைகொள்ள வேண்டியது வேறொன்று. இந்நகரில் பிறந்த நம் மக்களின் திணை இந்நகரமே. அதன் பறையை வெறுத்து ஒதுக்கினால், அவர்கள் அதனைக் கைவிடமாட்டார்கள். அதனோடு தமிழைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். ஆகவே கடிவதை விடுத்து, அவர்களோடு ஒருமுறை அமர்ந்து கேட்போம். கேட்டபின் குறுந்தொகையின் முல்லைப்பாட்டு ஒன்றை அவர்கள் கையில் கொடுப்போம். பறை பிறந்துவிட்டது, அதற்குத் தமிழ்ப்பாட்டு இனி நம் இல்லங்களிலிருந்து பிறக்கட்டும்.