“அது நோட்ல இல்லையே மாமா”

போன மாசம் தேனிக்குப் போயிருந்தபோது அக்கா மகளின் ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பி.காம் இரண்டாம் வருஷம். ஏர்போர்ட் செக்-இன், ஹோட்டல் ரிசப்ஷன், டாக்டர் கிளினிக் என்று வரிசையாக ‘நிஜ வாழ்க்கைச் சூழல்கள்’. ஒவ்வொன்றிலும் இரண்டு பேருடைய வசனமும் முழுசாக எழுதியிருந்தது.

“நீ பயணி, நான் கவுன்ட்டர்ல இருக்கேன்” என்று ஆரம்பித்தேன். முதல் நாலு வரி கடகடவென்று வந்தது. ஐந்தாவதாக, “பெட்டியில் 4 கிலோ கூடுதல், என்ன பண்ணப் போறீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அப்படியே நின்றுவிட்டாள். “அது நோட்ல இல்லையே மாமா.”

நம்மூர்ப் பிள்ளைக்கு ஏர்போர்ட் எதற்கு, கம்பம் திராட்சை மண்டியை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இரண்டு பக்க வசனமும் ஒப்பிக்கத் தயாராக இருந்தால் மண்டியும் ஏர்போர்ட் மாதிரிதான். கேள்வி கேட்கிறவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்றால் பேச என்ன அவசியம்?

இதை 1979-லேயே யோசித்தவர் என்.எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்தவர். 1984 வரை பெங்களூரு, சென்னை உட்படத் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய சோதனைக்குப் ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரி ஏதாவது ஒன்றைக் கொடுத்துக் கணக்கை முடிக்கச் சொல்வார். மனசு விடையில் இருக்கும், மொழி கூடவே வரும் என்பது அவர் கட்சி. 1987-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

ஆனால் அவரை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுவர முடியாது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் குழு வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒருத்தர் தப்பு இன்னொருத்தருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார். ஆசிரியர் கேட்க, மாணவர் சின்னதாகப் பதில் சொல்வதே அங்கே அதிகம். நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போகிற 19 வயசுப் பிள்ளைக்கு அது போதாது. அவள் வாயைத் திறந்தாக வேண்டும்.

அதனால் அவருடைய ரயில் அட்டவணையை எடுத்து, இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தேன். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் நின்றபிறகு தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே-யில், போடிக்கு 2023 ஜூனில். (நடுவில் ஒரு தலைமுறையே பஸ்ஸில் படித்து முடித்துவிட்டது.) போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் வந்தபோது வாரம் 3 நாள்தான். அட்டவணை அக்கா மகளிடம். இன்டர்வியூ தேதியும் கையில் இருக்கும் பணமும் அவள் தோழியிடம். ஒருத்தர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. போனில், ஆங்கிலத்தில் மட்டும்.

தேதியை வேண்டுமென்றே ரயில் இல்லாத நாளாக வைத்திருந்தேன். கால் மணி நேரம் சண்டை. முந்தின ரயிலில் போனால் ஒரு நாள் எங்கே தங்குவது, மதுரை வரை பஸ்ஸில் போய் ராத்திரி ரயில் பிடித்தால் என்ன, ஆம்னி பஸ்ஸுக்குக் காசு பத்துமா? வினைச்சொல் காலமெல்லாம் தாறுமாறு. ஆனால் நோட்டில் இல்லாத கேள்விக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். 60 பேர் வகுப்பில் ஒப்பிப்பதற்கு மார்க் போடலாம், சண்டைக்கு எப்படிப் போடுவது? எங்கள் வேலையில் டெஸ்டிங் செய்கிற மாதிரி, முதலில் டிக்கெட் சரியாக முடிவானதா என்று மட்டும் பார்க்கலாம். காலம், ஒருமை பன்மையெல்லாம் அதற்கப்புறம். இருவர் இருவராக 30 ஜோடிக்கு இரண்டு தாள் அச்சடிக்கிற செலவுதான் கூடுதல்.