கேட்டபின் வரும் பெயர்கள்

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜிடிபி டீபக்கரில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அது தள்ளிப்போடும் வேலைதான். எந்த முகவரியில் எந்த ஃபங்ஷன், அது மூலக் கோப்பில் எந்த வரி, எந்த மாறி எங்கே என்ற விவரங்களே சிம்பல்கள். பிரவுசர் மாதிரி பெரிய புரோகிராமில் இவை ஜிபி கணக்கில் போகும். ஜிடிபி அத்தனையையும் எடுத்தவுடன் படிப்பதில்லை. என்னென்ன கோப்புகள், என்னென்ன பெயர்கள் என்று மேலோட்டமாக ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒரு ஃபங்ஷனில் நாம் பிரேக்பாயிண்ட் வைத்த பிறகே அந்த ஒரு கோப்பின் விவரம் விரியும். பொறுமை இல்லாதவர்களுக்கு 'ரீட்நவ்' இருக்கிறது. கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம்.

காரைக்கால்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வீசுகிறோமே, அந்தக் கதைதான். பரமதத்தன் இரண்டாவது பழத்தைக் கேட்டபோது அது ஏற்கெனவே அடியாருக்குப் போயிருந்தது. அவன் மனைவி புனிதவதியார், நம் காரைக்கால் அம்மையார், வேண்டினார், கையில் பழம் வந்தது. கேட்பதற்கு முன்னால் அது எங்கும் இல்லை.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஆய்வகத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். புரோகிராமை ஓட்டும் முன் 'செட் ஆட்டோ-சோலிப்-ஆட் ஆஃப்' என்று அடியுங்கள். ஓட்டி நிறுத்தி, 'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி' கேளுங்கள். லைப்ரரிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் நினைவகத்தில் பிடித்திருக்கும் இடத்தோடு. 'சிம்ஸ் ரீட்' என்ற பத்தியில் பெரும்பாலும் 'நோ'. இப்போது பேக்ட்ரேஸ் எடுத்தால் பெயருக்குப் பதில் ?? என்று வரும். அந்த வரியின் முகவரி பட்டியலில் எந்த லைப்ரரியின் எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்து, 'ஷேர்டுலைப்ரரி' கமாண்டோடு அதன் பெயரில் ஒரு துண்டை மட்டும் கொடுங்கள். அந்த ஒன்று 'யெஸ்' ஆகும். மறுபடி பேக்ட்ரேஸ் எடுத்தால் ?? இருந்த இடத்தில் ஃபங்ஷன் பெயர்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. யார் யாரை அழைத்தார் என்று பின்னோக்கிப் போகும் வழித்தடமும் அதே கோப்பிலிருந்துதான் வருகிறது. அது இல்லாதபோது ஜிடிபி ஊகிக்கும். சில நேரம் பேக்ட்ரேஸே தப்பாக வரும். எதை விட்டுவைப்பது என்று தெரிந்தவர் கையில்தான் இந்த கமாண்ட் அழகு.

லைப்ரரி வந்ததே ஜிடிபிக்கு எப்படித் தெரிகிறது? லினக்ஸில் டைனமிக் லிங்கருக்குள் ஒன்றுமே செய்யாத ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. லைப்ரரி ஏறும்போதும் இறங்கும்போதும் லிங்கர் அதை அழைக்கும். அங்கே ஜிடிபி நமக்குக் காட்டாமல் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்துக் காத்திருக்கும். இன்னொரு நுணுக்கம் அதன் மூலநிரலில் கிடைக்கிறது. நாம் எதையும் ஏற்றாதே என்று சொன்னாலும் பிதிரெட் லைப்ரரிக்கு மட்டும் விலக்கு. திரெட்களைக் கண்டுகொள்ள அதன் சிம்பல்கள் சில கணினிகளில் தேவைப்படும் என்பதால் அதை ஏற்றியே தீரும். உத்தரவை மீறுகிற வேலையாள்தான், ஆனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விண்டோஸ் பக்கம் வின்டீபக்கும் இதே போக்கு. 'எல்எம்' அடித்தால் இன்னும் படிக்காதவற்றுக்கு நேராக 'டெஃபர்டு' என்று நேர்மையாகப் போட்டுவிடும். வேண்டியதை 'எல்டி' கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

2019-இல் டீபக்இன்ஃபோடி என்ற சிம்பல் சர்வர் வந்த பிறகு சிம்பல் கோப்பு நம் கணினியில் இருக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. புரோகிராமுக்குள் பதிந்திருக்கும் பில்ட்-ஐடியை, பொதுவாக 40 எழுத்துகள், சர்வருக்கு அனுப்பினால் அதற்கான கோப்பு இறங்கும். பரமதத்தன் சுவை வேறாக இருக்கிறதே என்று எங்கிருந்து வந்தது எனக் கேட்டான் அல்லவா, அந்தச் சந்தேகத்துக்கு இங்கே இந்த எண்தான் பதில். அதே மூலநிரலைச் சற்றே மாற்றி மறுபடி கம்பைல் செய்திருந்தாலும் எண் வேறாகிவிடும்; வேறு கம்பைலின் வரி எண்களைக் காட்டி ஜிடிபி நம்மை ஏமாற்றாது. இறக்கும் முன் இந்த அமர்வுக்கு டீபக்இன்ஃபோடி வேண்டுமா என்று அனுமதியும் கேட்கும். எழுத்து எதுவும் அடிக்காமல் என்டர் தட்டினால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்தத் தேர்வை அப்படி வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு சபாஷ்.