கடற்பெண்டிரும் பால்மரப் பெண்டிரும்: ஆயர் தாவாரிலிருந்து கொரியத் தொடர்களைக் காணல்

முன்னுரை

மலேசியத் தமிழர் இல்லங்களில் கொரியத் தொடர்கள் இடம்பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த 'விண்டர் சொனாட்டா' ஆசிய நாடுகள் பலவற்றில் கொரிய அலையைத் தோற்றுவித்தது. 2014ஆம் ஆண்டளவில் சென்னையின் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. 2016 சனவரியில் நெட்ஃபிளிக்ஸ் மலேசியாவுக்குள் நுழைந்த பின்னர், குறித்த நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன் அமர வேண்டிய தேவையும் நீங்கிற்று. இன்று எதைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும், இருப்பவற்றுள் எதைத் தேர்வது என்பதே பார்வையாளரின் இடர்ப்பாடாகும். இக்கட்டுரை அத்தேர்வுக்கு உதவும் நோக்கில் சில படைப்புகளைப் பரிந்துரைப்பதோடு, அவற்றை நம் சூழலில் வைத்துத் திறனாயவும் முற்படுகிறது.

இங்கே நம் சூழல் என்பது பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்கு அருகே அமைந்துள்ள ஆயர் தாவார் என்னும் சிற்றூராகும். மலாய்மொழியில் நன்னீர் எனப் பொருள்படும் இவ்வூரைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பால்மரங்கள் நின்ற நிலம் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அத்தகைய வீடொன்றில், முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான மூதாட்டி ஒருவரும் படிவம் நான்கில் பயிலும் அவர்தம் பேத்தியும் கொரியத் தொடர் ஒன்றைக் காண்பதை நாம் அருகிருந்து கண்டோம். மலாய்த் துணையுரையைப் பேத்தி படித்துத் தமிழில் சொல்ல, பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். கடலுக்குள் மூழ்கும் பெண்ணொருத்தி கூடையைச் சுமந்து கரையேறிய காட்சியில் அவர் பேத்தியை நிறுத்தச் சொன்னார். "நீ படிக்க வேணாம்மா, எனக்குத் தெரியுது" என்றார். இக்கட்டுரைக்கான வினா அவ்விடத்தில் பிறந்தது. யாதொரு சொல்லும் விளங்காத மொழியில் அம்மூதாட்டிக்குத் தெரிந்தது யாது?

சொல்லொப்புமையும் வரலாற்றொப்புமையும்

இவ்வினாவுக்குப் பலர் எளிதாகத் தரும் விடை மொழியுறவு என்பதாகும். கொரியரும் தந்தையை அப்பா என்றே அழைப்பதைக் கேட்டு மகிழாத தமிழர் இலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் என்பார் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலே எழுதினார். 'சம்குக் யுசா' என்னும் பழங்கொரிய நூல் குறிப்பிடும் ஹியோ ஹ்வாங்-ஓக் அரசியைத் தமிழகத்தோடு தொடர்புபடுத்துவோரும் உளர். ஆயினும், இவ்விரு மொழிகளும் ஒரு குடும்பத்தன என்பதை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. ஒலியளவில் ஒத்த சொற்கள் சிலவற்றைக் கொண்டு உறவு நிறுவுதல் ஆய்வு நெறியாகாது.

வரலாற்றில் அமைந்த ஒப்புமை இதனினும் வலியது. 1910 முதல் 1945 வரை கொரியா சப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. மலாயாத் தோட்டத் தமிழரும் 1942 முதல் 1945 வரை அதே ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர். சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் மீளவில்லை. அப்பாதையையொட்டிய போர்க்கைதி முகாம்களில் காவலுக்கு நிறுத்தப்பட்டோருள், சப்பானியப் படைத்துறையால் திரட்டப்பட்ட கொரிய இளைஞர்களும் இருந்தனர். போருக்குப் பின் கொரியர் 148 பேர் போர்க்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டனர். அவருள் 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒடுக்கப்பட்ட ஓரினம் மற்றோரிடத்தில் ஒடுக்குவோரின் கருவியாகவும் ஆக்கப்பட்டது என்பதை மனத்திற்கொண்டு பார்ப்போமாயின், கொரியப் படைப்புகள் வெறும் இனிய உறவுக்கதைகளாக நமக்குத் தோன்றமாட்டா.

பரிந்துரைக்கத்தக்க படைப்புகள்

முதலாவதாக, லீ ஜியோங்-ஹியாங் இயக்கிய 'தி வே ஹோம்' (2002) என்னும் திரைப்படம். நகரத்துச் சிறுவன் ஒருவன் மலைக்கிராமத்தில் வாய்பேசாத பாட்டியிடம் விடப்படுகிறான். அவன் விரைவுணவுக் கடையின் பொரித்த கோழியைக் கேட்க, பாட்டி மழையில் நடந்து கோழி வாங்கி வந்து வேகவைத்துத் தருகிறாள். அவன் அழுகிறான். பாட்டியாக நடித்த கிம் உல்-பூன் முன்னர் நடித்தறியாத கிராமத்து மூதாட்டியாவார். கொரியப் படைப்புகளுக்குப் புதியவர் இதிலிருந்து தொடங்கலாம். உரையாடல் குறைவாதலின் துணையுரையின் தடையும் குறைவு.

இரண்டாவதாக, ஷின் வோன்-ஹோ இயக்கி 2015-2016இல் வெளிவந்த 'ரிப்ளை 1988' என்னும் 20 பகுதித் தொடர். சியோல் நகரின் சங்முன்-தோங் பகுதியில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதையிது. ஒரு வீட்டில் சமைத்த கறி அடுத்த வீட்டுக்குச் செல்ல, அவ்வீட்டுக் கிண்ணம் வேறொன்றை ஏந்தித் திரும்புகிறது. லயத்தில் வாழ்ந்தவர்க்கு இது விளக்கம் வேண்டாத காட்சியாகும். இத்தொடரின் முடிவு அதனினும் முதன்மையானது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன, சந்து பாழாகிறது. மகிழ்ச்சியான தொடரொன்று தன் கதைமாந்தர் வாழ்ந்த இடத்தின் அழிவையே இறுதிக் காட்சிகளாகக் கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவதாக, கிம் வோன்-சோக் இயக்கி, பார்க் ஹே-யோங் எழுதிய 'மை மிஸ்டர்' (2018). கடனில் மூழ்கிய இளம்பெண் ஒருத்தி காதுகேளாப் பாட்டியைப் பேணியபடி அலுவலகத்தில் தற்காலிகப் பணியாளாக உழைக்கிறாள். 16 பகுதிகளிலும் இருள் மிகுதி. எனினும் வறுமையை அழகுபடுத்தாமை இதன் சிறப்பாகும்.

நான்காவதாக, போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019). 2020ஆம் ஆண்டின் ஆஸ்கார் விழாவில் சிறந்த திரைப்படம் உள்ளிட்ட நான்கு விருதுகளைப் பெற்ற இப்படம், 1999இல் வெளிவந்த 'மின்சார கண்ணா'வைத் தழுவியது என்னும் குற்றச்சாட்டு அப்போது தமிழகத்தில் எழுந்தது. ஒரு குடும்பத்தார் உறவை மறைத்து மற்றொரு குடும்பத்தில் வேலைக்குச் சேர்வது இரண்டிற்கும் பொதுவாகலாம். ஆயின், தமிழ்ப்படம் அதனைக் காதலுக்கான உத்தியாகக் கொள்ள, கொரியப் படமோ பிழைப்புக்கான உத்தியாகக் கொள்கிறது. ஒரே மழை ஏழையின் நிலவறை வீட்டை மூழ்கடிக்கிறது. செல்வர் வீட்டிலோ விழா நாளுக்கு வானம் தெளிந்ததாகப் பேசப்படுகிறது. கதைக்கரு ஒன்றாயினும் பொருள் வேறாகும் என்பதற்கு இது தக்க சான்று.

ஐந்தாவதாக, 'பச்சிங்கோ' (2022, 2024). மின் ஜின் லீயின் 2017ஆம் ஆண்டு நாவலை அடியொற்றிய இது அமெரிக்கத் தயாரிப்பே எனினும், கொரியரின் புலம்பெயர் வாழ்வைக் கூறுவதால் இப்பட்டியலில் சேர்க்கிறோம். பூசானிலிருந்து 1931இல் ஒசாகாவுக்குச் செல்லும் சுஞ்சா என்னும் பெண்ணின் நான்கு தலைமுறைக் கதையிது. துணையுரையில் கொரியம் மஞ்சள் நிறத்திலும் சப்பானியம் நீல நிறத்திலும் தரப்படுகின்றன. ஒரே வாக்கியத்தில் இரு நிறங்கள் கலக்கும்போது, பேசுபவர் எந்நாட்டவர் என்னும் வினாவே திரையில் எழுதப்பட்டுவிடுகிறது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் பேசும் நமக்கு இவ்வுத்தி நெருக்கமானது. முதுமையில் சுஞ்சா ஒரு வாய்ச் சோற்றை உண்டு, அது தன் மண்ணில் விளைந்த அரிசியென அறிந்து கலங்கும் காட்சி, இங்குப் பரிந்துரைக்கும் படைப்புகளின் காட்சிகளுள் தலையாயது எனலாம்.

கடலும் பால்மரமும்

ஆறாவதாக அமைவது, ஆயர் தாவார் மூதாட்டி கண்ட தொடர். கிம் வோன்-சோக் இயக்கி, இம் சாங்-சுன் எழுதிய 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' 2025 மார்ச்சில் வாரம் நான்கு பகுதிகளாக நான்கு வாரங்களில் வெளிவந்தது. ஜேஜு தீவின் ஹேன்யோ எனப்படும் கடற்பெண்டிர் மூச்சையடக்கி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுப்பவர்கள். அவர்தம் பண்பாடு 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கதைத்தலைவி ஏ-சுன்னின் தாய் அத்தகைய ஒருத்தி. 29ஆம் அகவையில் இறந்துபோகிறாள். மகள் கவிஞராக விழைந்து, மனைவியாகவும் தாயாகவும் உழைத்து, தன் மகளின் படிப்புக்காக வீட்டையே விற்கிறாள்.

இத்தொடர் உழைப்பைக் கதையின் பின்புலமாக வைக்காமல் கதையாகவே வைத்துள்ளது. மூழ்கும் முறை, எழுந்ததும் விடும் மூச்சொலி, அன்றைய வரவை எண்ணுதல் ஆகிய யாவும் காட்டப்படுகின்றன. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தன் நிரைக்குச் சென்று, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கம்பில் சுமந்து நிறுவைக்கு வந்தவர்க்கு, இதைக் காண மொழி வேண்டுவதில்லை. மூதாட்டிக்குத் தெரிந்தது இதுவேயாகும்.

தொடரின் மூலத் தலைப்பும் உரையாடலின் ஒரு பகுதியும் ஜேஜு வட்டார வழக்கில் அமைந்தவை. மிகவும் பாடுபட்டீர்கள் என்பது அத்தலைப்பின் பொருள். சியோல்வாசிகளுக்கே எளிதில் விளங்காத வழக்கொன்றைத் தலைப்பாக்கும் துணிவு அங்குண்டு. இத்தொடருக்குத் தமிழ்க் குரல் கொடுப்பதாயின் எந்தத் தமிழைக் கொடுப்பது? சென்னைத் தமிழைக் கொடுப்பின் கடல் போய்விடும். செந்தமிழைக் கொடுப்பின் பெண் போய்விடுவாள். தோட்டத் தமிழே அதற்கு ஈடாகக்கூடியது என்பது நம் கருத்து. அத்தமிழையோ நம் திரைகளில் நாமே அரிதாகத்தான் கேட்கிறோம்.

குறைகளும் ஐயங்களும்

பரிந்துரை என்பது குறை காணாமை அன்று. 'டேஞ்சரின்ஸ்' தொடரில் இளந்தம்பதியரின் அரிசிப்பானை வறண்டபோது, வீட்டுக்கார முதியவர்கள் எவரும் அறியாமல் அதனை நிரப்புகின்றனர். நெகிழ்ச்சியான காட்சிதான். ஆயின், வறுமை மனித நற்பண்பினால் தீர்ந்துவிடும் என்னும் எண்ணத்தையும் அது விதைக்கிறது. தோட்டத்தில் அரிசி கடனாகவே வந்தது. கூலி உயர்வு அண்டை வீட்டாரின் அன்பினால் வந்ததன்று. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் போன்ற அமைப்புகள் வழி கேட்டுப் பெற்றதாகும். இத்தொடரில் அத்தகைய கூட்டுக்குரல் மெலிந்தே ஒலிக்கிறது.

கொரியத் தொடர்கள் பலவற்றில் பெருநிறுவன வாரிசுகளே காதலராக வருவதும், அந்நாட்டின் அயலகத் தொழிலாளர் திரையில் அரிதாகத் தோன்றுவதும் கவனத்திற்குரியன. ஹ்வாங் தோங்-ஹ்யுக்கின் 'ஸ்குவிட் கேம்' (2021) இதற்கு ஒரு விலக்கு. அதில் அனுபம் திரிபாதி நடித்த அலி என்னும் பாகிஸ்தானியத் தொழிலாளி, முதலாளி கூலியை நிறுத்திவைத்தமையால் சாவு விளையாட்டுக்குள் வருகிறான். அவனுக்காகக் கண்கலங்கும் நாம், நம் பாட்டனார் நின்ற நிரைகளிலும் செம்பனைக் காடுகளிலும் இன்று வேலைசெய்யும் இந்தோனேசியரையும் வங்காளதேசத்தவரையும் எவ்வாறு நோக்குகிறோம் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நமக்கான வினா

கொரியரின் வெற்றிக்குத் திறமை மட்டுமே காரணம் அன்று. திரையரங்குகள் ஆண்டுக்கு 146 நாள் உள்நாட்டுப் படங்களைக் காட்டவேண்டும் என்னும் விதி அங்கு நெடுங்காலம் இருந்தது. 2006இல் அது 73 நாளாகக் குறைக்கப்பட்டது. தொடர்களோ பெரும்பாலும் 16 முதல் 20 பகுதிகளுக்குள் முடிகின்றன. முடிவு தெரிந்து எழுதப்படும் கதையில் ஒரு வாழ்க்கை முழுமை பெறும். நூற்றுக்கணக்கான பகுதிகளாக நீளும் தமிழ்த் தொடர்களில் இதற்கு வாய்ப்பில்லை.

எனினும் நம்மிடம் எதுவுமில்லை என்பது பிழை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) தோட்டத்துப் பெண்ணின் கல்விக் கனவைக் கூறிற்று. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனைக் காட்டி, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த திரைப்பட விருதைப் பெற்றது. 'ஜகாட்' எவருடைய அரிசிப்பானையையும் மாயமாக நிரப்பவில்லை. அவ்வகையில் அது 'டேஞ்சரின்ஸ்' தொடரினும் நேர்மையானது. ஆனால் இவை தனிப்படங்கள். பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையை நிதானமாகச் சொல்லும் தோட்டத் தொடர் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆறு படைப்புகளையும் நாம் பரிந்துரைக்கிறோம். எவை எத்தளத்தில் கிடைக்கும் என்பது காலத்துக்குக் காலம் மாறும். காணும் முறை மாறவேண்டுவதில்லை. இயலுமாயின் அவற்றைத் தனியே கைப்பேசியில் காணாது, வீட்டிலுள்ள முதியவரோடு அமர்ந்து காண்க. ஆயர் தாவார் வீட்டில் தொடர் முடிந்தபின் பேத்தி, "பாட்டி, காண்டான்னா என்ன?" என்று கேட்டாள். பாட்டி எழுந்து, துடைப்பத்தைத் தோளில் குறுக்காக வைத்து நடந்து காட்டினார். அப்பேத்தி தன் பாட்டியின் தொழிலைப் பற்றி அதற்குமுன் கேட்டதேயில்லை.

கொரியத் தொடர் நமக்குச் செய்த உதவி இதுவாகும். அதனை எழுதியவர்களுக்குக் கடற்பெண்டிரின் சொற்களும் மூச்சொலியும் கிடைத்தன. பால்மரப் பெண்டிரின் சொற்களோ அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் ஊர் திரும்புகையில் ஒரு மணிநேரம் அமர்ந்து அவற்றைப் பதிவுசெய்வாராயின், பின்னாளில் எழுதப்போகும் எவர்க்கேனும் அது பயன்படும். அப்பதிவைத் தொடங்கவேண்டிய பொறுப்பு ஆய்வாளராகிய நமக்கே முதலில் உரியது.